மாத்திரை விட்ட நாட்கள்

சாரல் பிடித்து ஒரு வாரமாகிவிட்டது. மேற்கே மலை இருக்கிற இடமே தெரியவில்லை. தென்காசித் தெருக்களில் ஈரக்காற்று ஒரு வீட்டின் முன்வாசலில் நுழைந்து கொல்லை வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. துவைத்த துணி காயாமல் கொடியிலேயே முடைநாற்றம் அடித்தது. ஒலி முகம்மதுவின் வீட்டில் அவர் மகன் மன்சூர் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தான். எழுந்ததிலிருந்து நடைதான். உட்காரச் சொன்னால் உட்காருவான். உட்கார்ந்த இடத்தில் முழங்கால் ஆடும். பிறகு எழுந்துவிடுவான்.

"ஏ மன்சூரு, செத்த இருலே. எனக்குத் தல சுத்துது."

"கண்ண மூடிக்கிடுங்க வாப்பா."

அவன் மனைவி சனோபர் இடியாப்பமும் கறியாணக் குழம்பும் வைத்தாள். கல்லூரிக்குப் போகிற அவசரத்தில் சேலையை இழுத்துச் செருகியபடியே வைத்தாள். மன்சூர் நின்றபடி ஒரு வாய் எடுத்தான்.

"உப்பு."

"கூடிட்டா? தேங்காப்பால் ஊத்தட்டுமா?"

அவன் தட்டைத் தள்ளினான். தள்ளிய வேகத்தில் அது சுவரில் மோதி விழுந்தது. சுண்ணாம்புச் சுவரில் ஆணம் வழிந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதிகமாகத் திடுக்கிட்டவன் மன்சூர்தான் போலிருந்தது. துண்டை எடுத்து அவனே சுவரைத் துடைத்தான்.

"வேணும்னு தள்ளல்ல," என்று சுவரிடம் சொன்னான்.

சனோபர் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

மன்சூர் அரபு நாட்டில், தம்மாமில் டிரெய்லர் ஓட்டியவன். போன வருஷம் ஒரு நாள், சரக்கு இறக்கும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியவன் அப்படியே விழுந்தான். கைகால் இழுத்துக்கொண்டது. வண்டி ஓடும்போது வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று அவனும் யோசித்தான், கம்பெனிக்காரர்களும் யோசித்தார்கள். ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வந்த பிறகு பஜாரில் ஒரு தடவை, பள்ளிவாசல் வாசலில் ஒரு தடவை வந்தது. டாக்டர் காலையும் மாலையும் போட மாத்திரை எழுதினார். வலிப்பு நின்றது. ஆனால் வண்டி ஓட்டக் கூடாது, தண்ணீரில் இறங்கக் கூடாது, உயரத்தில் நிற்கக் கூடாது. அவன் எங்கே போனாலும் ஒலி முகம்மது குடையோடு நாலடி பின்னால் வருவார். கைலி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சுரண்டை, வீரகேரளம்புதூர் என்று வியாபாரம் பார்த்த மனிதர். வியாபாரத்தை விட்டபின் மகனுக்குப் பின்னால் நடப்பதே அவர் வேலையாகிவிட்டது.

கல்யாணமான பிறகு சனோபரும் மன்சூரும் சேர்ந்து இருந்ததைவிடப் போனில் பேசியதுதான் அதிகம். லீவில் வருவான். விருந்து விருந்தாகப் போவார்கள். திரும்பப் போய்விடுவான். போனில் சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். அந்த ஆள்தான் மன்சூரா, இல்லை இந்தத் தட்டைத் தள்ளுகிற ஆள்தான் உள்ளபடி மன்சூரா என்று அவளுக்குத் தெரியவில்லை. புருஷன் எப்படிப்பட்டவர் என்று யாரிடம் போய்க் கேட்பது?

குற்றாலம் போகிற சாலையில் ஒரு மருந்தியல் கல்லூரியில் அவள் பாடம் நடத்தினாள். அங்கேயே ஆராய்ச்சியும் செய்தாள். வலிப்பைத் தடுக்கிற பொருள் ஏதாவது செடிகளில் இருக்கிறதா என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிற ஆராய்ச்சி. மன்சூருக்கு நோய் வருவதற்கு முன்பே எடுத்த தலைப்பு. "சார்வாளுக்காகவா மேடம் இத எடுத்தீங்க?" என்று மாணவிகள் கேட்பார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் பேசாமல் இருந்தாள்.

அவள் எடுத்துக்கொண்டது மலையடிவாரத்து வேலிகளில் படரும் ஒரு கொடி. அதன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் யாராவது அடுத்த பஸ்ஸில் ஏறிக் குற்றாலத்துக் கடைகளில் போய்க் கேட்டு நிற்பார்கள். இலையை நிழலில் காயவைத்துப் பொடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்து, அதிலிருந்து ஒரே ஒரு பொருளை மட்டும் பிரித்தெடுத்திருந்தாள். பழுப்புப் பொடி. புளித்த தேனும் பச்சை வெள்ளரியும் கலந்தது போல ஒரு வாடை. அது கையில் பட்டால் சோப்புப் போட்டாலும் போகாது.

விலங்குக்கூடத்தில் வெள்ளெலிகள் உமிக்குள் மூக்கை நுழைத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. முதலில் மருந்தைக் கொடுப்பாள். கொஞ்ச நேரம் கழித்து எலியின் இரண்டு காதுகளிலும் சிறிய கிளிப்பை மாட்டிக் கண் சிமிட்டும் நேரத்துக்கு மின்சாரம் கொடுப்பாள். மருந்து கொடுக்காத எலி என்றால் விறைக்கும். பின்னங்கால் இரண்டும் வால் பக்கம் நீண்டு கம்பி மாதிரி நிற்கும். பிறகு உதறும். அப்புறம் எழுந்து, ஒன்றும் நடக்காதது போல மீசையைத் துடைத்துக்கொள்ளும். பஜாரில் மன்சூர் விழுந்ததைப் பார்த்த நாளிலிருந்து, ஒவ்வொரு தடவையும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் அவள் அல்லாவின் பெயரால் என்று பிஸ்மி சொல்லிக்கொண்டாள்.

அன்றைக்குப் பொடி கொடுத்த எலிகளுக்குக் கால் நீளவில்லை. உடம்பு ஒரு குலுங்கு குலுங்கியது, அவ்வளவுதான்.

"மேடம், நீட்டல்ல! இதுவும் நீட்டல்ல!" என்று கூவினாள் சனோபர்.

அவளுடைய வழிகாட்டி சங்கரேஸ்வரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. உடனே அதை அடக்கிக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு. அதுக்குன்னு இனிப்பு வாங்கிராத. ஒரு தடவ குடுத்துப் பாத்திருக்கோம். நெதமும் குடுத்தா என்ன செய்யுதுன்னு தெரியாது. சுத்துத உருளையில விழாம நிக்குதான்னு பாக்கணும், ஈரலப் பாக்கணும். முன்னால ஒரு கொடி இப்பிடித்தான் ஆச காட்டுச்சு. அப்புறம் எலியெல்லாம் தூங்கித் தூங்கியே செத்துச்சு."

"சரி மேடம்."

"அந்தக் கூண்டுல என்ன ரத்தம்?"

"ஒண்ணு இன்னொண்ணோட வாலக் கடிச்சிருக்கு மேடம்."

"அதையும் குறிச்சுக்கோ. மருந்துனால வந்த கோவமா, எடம் பத்தாத கோவமான்னு பின்னால தெரியும்."

அந்தச் சந்தோஷத்தைச் சனோபர் கல்லூரியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். முடியவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள்.

"மாமா, என் மருந்து வேல செய்யுது! எலிக்கு வலிப்பே வரல்ல!"

"மாஷா அல்லா," என்றார் ஒலி முகம்மது.

நடந்துகொண்டிருந்த மன்சூர் நின்றான். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டான். அவளும் உற்சாகமாகச் சொன்னாள். வால் கடித்த எலியைக்கூட விடவில்லை. அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். முழங்கால் ஆடவில்லை.

"அப்ப எனக்குக் குடு."

"வெளையாடாதிய."

"நான் வெளையாடல்ல. அதுக்கும் வலிப்பு, எனக்கும் வலிப்பு."

"அதுக்கு நான் கரண்டு குடுத்து வரவழைக்கேன். ஒங்களுக்குத் தானா வருது. ரெண்டும் ஒண்ணு இல்ல. எலிக்குக் கேட்டது மனுசனுக்குக் கேக்கும்னு என்ன நிச்சயம்? மாத்திரையா வர வருசக்கணக்காவும். வராமலும் போவும்."

"அதுவரைக்கும் இந்தச் சனியனத் திங்கணுமோ?"

"அந்தச் சனியன்தான் ஒங்கள விழாம வச்சிருக்கு."

"விழல்ல. சரி. ஆனா நான் நானா இல்லட்டி. காலையில அத முழுங்குனா உள்ளுக்குள்ள வேற ஒருத்தன் வந்து உக்காந்துக்கிடுதான். எவனப் பாத்தாலும் அடிக்கணும்போல வருது. வாப்பா கொடைய விரிக்கதப் பாத்தாக்கூட எரியுது."

"வேல இல்லாம வீட்டுலயே கெடக்கியல்லா, அதான்."

"ஏட்டி, எலி எலியக் கடிச்சா அது மருந்துனாலயான்னு குறிச்சு வைக்க. நான் கடிச்சா மட்டும் என் கொணம்னு விட்டுருதியே?"

சனோபருக்கு அலுப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. காலையில் சுவரில் வழிந்த ஆணத்தின் கறை இன்னும் மஞ்சளாகத் தெரிந்தது.

"எலிய நான் கட்டிக்கிடல்ல," என்றாள்.

அந்தி மஃரிப் பாங்கு கேட்டதும் ஒலி முகம்மது தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பினார்.

அடுத்த நாள் மன்சூர் குற்றாலத்துக்குக் கிளம்பினான். ஒலி முகம்மது குடையோடு பின்னால் போனார். சீசன் கூட்டம். கடைகளில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவிந்து கிடந்தன. எண்ணெய் தேய்த்த உடம்போடு ஆட்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டிலேயே நடந்தார்கள். வாப்பாவை டீக்கடையில் உட்கார்த்திவிட்டு, "இன்னா வந்துருதேன்," என்று மன்சூர் கூட்டத்துக்குள் புகுந்தான்.

கொடியின் படம் அவன் போனிலேயே இருந்தது. தம்மாமில் இருந்தபோது சனோபர் அனுப்பியது. 'இதுதான் என் கொடி' என்று எழுதியிருந்தாள். 'என்னைவிட அழகா?' என்று அவன் பதில் எழுதியிருந்தான்.

தேனும் வேரும் பட்டையும் விற்கிற பேராச்சியின் கடையில் போனை நீட்டினான். அவள் அதைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள்.

"காஞ்சது இருக்கு. யாருக்கு தம்பி? நெஞ்சுச் சளிக்கா?"

"ஆமாக்கா."

"சளிக்குன்னா ஒரு பிடி போட்டுக் கசாயம் வச்சு ரெண்டு மூணு நாள் குடி. மேக்கொண்டு குடிக்காத. கொமட்டும்." அவன் அள்ளச் சொன்ன அளவைப் பார்த்துவிட்டு, "என்ன, ஊருக்கே சளியா?" என்று சிரித்தாள்.

சனோபர் கல்லூரிக்கும் வாப்பா மதிய லுஹர் தொழுகைக்கும் போன நேரத்தில் கசாயம் காய்ச்சினான். ஜன்னலைத் திறந்து வைத்தான்; சாரல் காற்று வாடையை அள்ளிக்கொண்டு போனது. மாத்திரையை வழக்கம்போலச் சனோபரின் கண் முன்னால்தான் வாயில் போட்டான். நாக்குக்கு அடியில் ஒதுக்கி, கொல்லைக்குப் போய்ச் சாக்கடையில் துப்பினான்.

சில நாட்களிலேயே அவன் நடை நின்றது.

முதலில் அதைக் கவனித்தது சனோபர். காலையில் அவன் வாசற்படியில் உட்கார்ந்து கடுங்காப்பி குடித்துக்கொண்டிருந்தான். ஒரே இடத்தில், ஒரு குவளை தீரும்வரை. மற்றொரு நாள் கல்லூரியிலிருந்து வந்தபோது நெய்ச்சோறு மணத்தது. "கேம்புல நான்தான் ஆக்குவேன். வேத்து நாட்டுப் பட்டாணிக்காரன்கூட வரிசையில நிப்பான்," என்றான். வாப்பாவின் குடைக்கம்பியைச் சரிசெய்து கொடுத்தான். பள்ளிவாசலுக்குப் போகும்போது அவரை நாலடி பின்னால் வரவிடாமல், பக்கத்தில் பேசிக்கொண்டே போனான்.

மாத்திரை உடம்புக்குப் பழகிவிட்டது என்று சனோபர் நினைத்தாள். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் செங்கோட்டைப் பக்கம் பரோட்டா தின்னப் போனார்கள். ஒலி முகம்மது வரவில்லை. "மேலுக்கு அசதியா இருக்கு, நீங்க போங்க," என்றார். வாழை இலையில் பிய்த்துப் போட்ட பரோட்டாமேல் கோழிச் சால்னா ஆவி பறந்தது. தகரக் கூரையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"அங்க ரோடு எப்படி இருக்கும்?" என்று சனோபர் கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் கேட்டதே இல்லை.

"நேரா போவும். முன்னால ஒண்ணுமே இருக்காது. மணலும் வெயிலும்தான். தூக்கம் வராம இருக்க ஒங்கூடப் பேசிக்கிட்டே ஓட்டுவேன்."

"போன்லயா?"

"போன்ல இல்லட்டி. சும்மா. நீ சொல்லுத பதிலையும் நானே சொல்லிக்கிடுவேன்."

"நான் என்ன சொல்லுவேன்?"

"பாதி நேரம் ஏசுவ."

அவளுக்குச் சிரிப்பில் சால்னா மூக்கில் ஏறியது. அவன் தண்ணீர் எடுத்துக் கொடுத்துத் தலையில் தட்டினான். திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்திருந்த அவள் கைமேல் அவன் கை இருந்தது. இந்த ஆளைத்தான் கட்டியிருக்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு இறங்குகிற இடம்வரை கூடவே வந்தது.

கல்லூரியில் சில வாரமாகத் தினமும் பொடி கொடுத்து வந்த எலிக்கூட்டம் ஒன்று இருந்தது. அந்த வாரம் அவற்றைச் சுற்றுகிற உருளைமேல் ஏற்றிப் பார்த்தார்கள். நல்ல எலி உருளை சுற்றச் சுற்றக் காலை மாற்றி வைத்து நிற்கும். இவை ஏற்றியதும் விழுந்தன. சில ஏறவே மறுத்து மூலையில் சுருண்டன. ஒன்றை அறுத்துப் பார்த்தபோது ஈரல் வெளிறி வீங்கியிருந்தது. அடுத்ததிலும் அப்படியே.

சங்கரேஸ்வரி கையுறையைக் கழற்றினார். "சரி. இதையும் ஒண்ணுவிடாம எழுது சனோபர். வலிப்ப நிறுத்துது, ஈரலக் கெடுக்குது. தெரிஞ்சுக்கிட்டது நல்லதுதான்."

"இத்தன நாள் வேல, மேடம்."

"வீட்டுக்குப் போ. மூஞ்சியக் கழுவிட்டு நல்லாத் தூங்கு. நாளைக்குப் பேசுவோம்."

அதனால் அன்றைக்குச் சனோபர் சீக்கிரமே வீட்டுக்கு வந்தாள். கதவைத் தள்ளியதும் வாடை. புளித்த தேனும் பச்சை வெள்ளரியும். கல்லூரியிலிருந்து தன் உடம்போடுதான் வந்துவிட்டதோ என்று புறங்கையை மோந்து பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போனாள். மன்சூர் ஒரு சட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான்.

"என்ன காச்சுனிய?"

"சளிக்கு..."

"எங்கிட்டயா சொல்லுதிய? இந்த வாடைய நான் நெதமும் கழுவிக் கழுவிக் கை தோலுரிஞ்சு போயிருக்கேன்."

அவன் சட்டியைக் கவிழ்த்து வைத்தான். மறைக்கிற எண்ணம் அவனை விட்டுப் போய்விட்டது.

"மாத்திர?"

"விட்டுட்டேன்."

"என்னைக்குலேருந்து?"

"நீ சிரிக்க ஆரம்பிச்சதுலேருந்து."

சனோபர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இப்பத்தான் ரெண்டு எலியோட ஈரலப் பாத்துட்டு வாரேன். வீங்கிக் கெடக்கு. அதுக்கு நான் ஒரு பொருள மட்டும் பிரிச்சு, அளந்து குடுத்தேன். நீங்க மொத்தத்தையும் காச்சிக் குடிச்சிருக்கிய. அதுல இன்னும் என்னென்ன கெடக்குன்னு எனக்கே தெரியாது."

"எனக்கு ஒண்ணும் செய்யல்லியே. வலிப்பும் வரல்ல."

"வரும். மாத்திரைய ஒரேயடியா விட்டா முன்னவிட மோசமா வரும். இப்பவே போடுங்க." எழுந்து அலமாரியிலிருந்து அட்டையை எடுத்து வந்தாள்.

அவன் அதைப் பார்த்தான். கை நீட்டவில்லை.

"போட்டா அவன் வந்துருவான் சனோ." குரலில் கோபமே இல்லை. கெஞ்சல்கூட இல்லை. "காலையில டாக்டர்ட்ட போவோம். எல்லாத்தையும் சொல்லுவோம். அவரு போடச் சொன்னா ஒன் முன்னாலயே முழுங்குதேன். இன்னைக்கு ஒரு பொழுது விடு."

அவள் பிடித்து வாயில் போட்டிருக்க வேண்டும். படித்தவள், தெரிந்தவள். அவன் நின்ற நிற்பு, பஸ்ஸில் கைமேல் கை வைத்து நின்ற ஆளின் நிற்பாக இருந்தது. அந்த ஆளை இன்னும் ஒரு பொழுது வைத்துக்கொள்ள அவளுக்கும் ஆசை இருந்தது. அட்டையை அலமாரியிலேயே வைத்தாள். மிச்சமிருந்த சருகை மட்டும் அவன் கையாலேயே குப்பையில் கொட்ட வைத்தாள்.

விடிந்து அவள் அடுப்பைப் பற்றவைக்கும்போது வாப்பாவும் மகனும் வீட்டில் இல்லை. பள்ளிவாசலிலிருந்து வரவில்லை போலும் என்று நினைத்தாள். அவர்கள் ஐந்தருவிக்குப் போயிருந்தார்கள்.

"இனி மாத்திரையும் கையுமாத்தான் இருக்கணும். குளிக்க விடமாட்டாவ. வாங்க வாப்பா, சேந்து ஒரு குளி குளிப்போம்," என்று கேட்டிருக்கிறான். வாப்பா, வாங்க என்று அவன் கூப்பிட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. ஒலி முகம்மது மறுக்கவில்லை.

கூட்டம் அதிகமில்லை. தண்ணீர் அளவாக விழுந்தது. மன்சூர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் கொடுத்தான். "ஆ" என்று சிறுபிள்ளை மாதிரி கத்தினான். ஒலி முகம்மது சிரித்துக்கொண்டே பக்கத்தில் நின்றார். அந்தக் கத்தல் வேறு மாதிரி மாறியதை அவர்தான் முதலில் உணர்ந்தார். மன்சூரின் கை கம்பியை விட்டது. விறைத்த உடம்பு அப்படியே பின்னால் சாய்ந்தது. பாறையில் தலை படுமுன் ஒலி முகம்மது தன் தோளைக் கொடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள். தண்ணீர் இரண்டு பேர் முகத்திலும் அடித்தது.

முன்பின் தெரியாதவர்கள் ஓடி வந்து இழுத்துப் படிக்கட்டில் போட்டார்கள். ஒருவர் சாவிக்கொத்தை மன்சூரின் கையில் திணித்தார். "இரும்பக் குடுங்க, இரும்பக் குடுங்க!" "ஒருச்சாச்சுப் படுக்கப் போடுங்கய்யா," என்று இன்னொருவர் கத்தினார். ஒரு இழுப்பு நின்று, அவன் கண் திறப்பதற்குள் அடுத்தது வந்தது. ஆம்புலன்ஸில் இன்னொன்று.

சனோபர் தென்காசி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது ஊசி போட்டு அவனை அடக்கியிருந்தார்கள். டாக்டர் கேட்ட எல்லாவற்றுக்கும் அவள் ஒளிக்காமல் பதில் சொன்னாள். கொடியின் பெயர், எவ்வளவு காய்ச்சியிருப்பான், மாத்திரை விட்டு எத்தனை நாள் இருக்கும், எலியின் ஈரல், எல்லாம். ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஒலி முகம்மது வராந்தா பெஞ்சில் ஈரக் கைலியோடு உட்கார்ந்திருந்தார். ஒரு தோள் வீங்கிச் சரிந்திருந்தது. காட்டப் போகச் சொன்னால் அசையவில்லை. சனோபர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, எனக்கு நேத்து சாயங்காலமே தெரியும். மாத்திரைய விட்டுட்டாவன்னு. நான் போட வைக்கல்ல."

அவர் அவளைப் பார்க்கவில்லை.

"எனக்கு அதுக்கு முன்னமே தெரியும்மா. கொல்லையில சாக்கடையில மாத்திர கெடந்துச்சு. கரைஞ்சும் கரையாம. பாத்தேன். தண்ணிய ஊத்தித் தள்ளிவிட்டேன்."

"ஏன் மாமா எங்கிட்டச் சொல்லல்ல?"

"எங்கூடப் பேசுனான்லா." அவர் கைலியின் ஈர நுனியைப் பிழிந்தார். "கொடைய நேராக்கித் தந்தான். பள்ளிக்கு எம்பக்கத்துல வந்தான். சொன்னா அது போயிருமேன்னு இருந்துட்டேன். எம்மவன நானே கொல்லப் பாத்தேன்."

"நாமதான் மாமா. நீங்க மட்டும் இல்ல."

அவள் அவருடைய நல்ல தோளில் கை வைத்தாள். மருமகள் மாமனாரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. பிறகு கையைப் பிடித்து எழுப்பி எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

பிற்பகலில் டாக்டர் கூப்பிட்டார். ஈரல் கொஞ்சம் பாதித்திருக்கிறது, சரியாகிவிடும் என்றார். பிறகு, "எதுக்கு மாத்திரையை விட்டார்?" என்று கேட்டார்.

சனோபர் சொன்னாள். நடையையும் எரிச்சலையும் தட்டையும் சொன்னாள். 'உள்ளுக்குள்ள வேற ஒருத்தன்' என்று அவன் சொன்ன சொல்லை அப்படியே சொன்னாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இந்த மாத்திரையில சில பேருக்கு இப்படி வரும்மா. போன தடவை வந்தப்போ எப்படி இருக்கார்னு நான் கேட்டேனே?"

கேட்டிருந்தார். மன்சூர் வாயைத் திறப்பதற்குள், "நல்லா இருக்காவ சார், விழல்ல," என்று பதில் சொன்னது அவள்தான்.

"வேற மாத்திரை இருக்கு. மெதுவா மாத்துவோம். அது ஒத்துக்கலைன்னா இன்னொண்ணு. ஆனா நீங்களா எதையும் நிறுத்தக் கூடாது."

மன்சூர் கண் விழித்தபோது சாயங்கால வெளிச்சம் ஜன்னலில் இருந்தது. நாக்கைக் கடித்திருந்ததால் பேச்சு குழறியது. வாப்பா எங்கே என்று கேட்டான். தோளில் கட்டுப் போட்டிருக்கிறார்கள், வெளியே டீ குடிக்கிறார் என்றாள்.

"நீங்க சொன்னது நெசம்," என்றாள். "அந்தக் கோவம் மாத்திரைனாலதானாம். டாக்டரே சொன்னாரு. நான்தான் கேக்கல்ல."

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கண்ணோரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது.

"அப்ப நான் புத்தி கெட்ட கோட்டிக்காரன் இல்ல," என்றான்.

"இல்ல."

புது மாத்திரை அவனுக்குத் தூக்கத்தைக் கொடுத்தது. பகலிலும் கொட்டாவி வந்தது, பேச்சில் ஒரு நிதானம். ஆனால் நடை இல்லை, எரிச்சல் இல்லை. ஆவணி பிறந்து காற்று ஓய்ந்த சமயத்தில் ஒரு லாரி ஆபீசில் சரக்கு ஏற்றுவதைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. ஓட்ட முடியாவிட்டாலும் வண்டிப் பக்கத்தில் நிற்கிற வேலை. கல்லூரியில் அந்தப் பொடியின் கதை முடிந்தது. சங்கரேஸ்வரி வேறொரு செடியைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். சனோபர் மறுபடியும் கிளிப்பும் உமியுமாகத்தான் இருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மூசா வந்தார். சுரண்டையில் கடை வைத்திருக்கிறவர், ஒலி முகம்மதுவுக்கு மச்சான் முறை. கறிச்சோறு வைத்தார்கள். அவர் நன்றாகப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"மச்சான், மாத்திரன்னும் ஊசின்னும் அலையாதிய. இது வேற கணக்கு. ஒங்க வீட்டுல ஒருத்தி நெதமும் வாயில்லாச் சீவனுக்கு வலிப்பு வர வச்சுக் கொல்லுதா. அந்தப் பாவம் எங்க போவும்? புருசன் தலையிலதான் வந்து விடியும்."

அடுப்படியில் சனோபரின் கையில் கரண்டி நின்றது. அந்த நினைப்பு அவளுக்கே வராததல்ல. பொத்தானை அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் வந்து போவதுதான்.

"மாமா," என்றான் மன்சூர். "எனக்கு வலிப்பு வந்தது தம்மாம்ல. அவ எலியத் தொட்டு வரல்ல."

"அட, நீ சின்னப்பய, ஒனக்குத் தெரியாது."

"எனக்குத்தான் தெரியும்!" குரல் ஏறியது. "நான் இப்ப முழுங்குதேன்லா மாத்திர, அதையும் எங்கயோ ஒருத்தி எலிக்குக் குடுத்துத்தான் பாத்திருப்பா. அந்த எலி செத்துத்தான் நான் இங்கன உக்காந்து சோறு திங்கேன். எம்பொண்டாட்டி சோலியப் பத்தி இந்த வீட்டுல ஒருத்தரும் பேசக் கூடாது!"

கடைசிச் சொல்லில் தட்டுகள் அதிர்ந்தன. சனோபர் ஓடி வந்தாள். அவளுக்கு முதலில் வந்தது பயம்தான். புது மாத்திரையும் ஆரம்பித்துவிட்டதா? அவன் முகத்தைப் பார்த்தாள். சிவந்திருந்தது. ஆனால் முழங்கால் ஆடவில்லை, கண் அலையவில்லை. நேராக மூசாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியளா மச்சான், பாத்தியளா! பேய் மாதிரி கத்துதான். முத்திட்டு! இதுக்குத்தான் நான்..."

"ஒண்ணும் முத்தல்ல!"

சனோபரின் குரல். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது.

"அவியளுக்கு ஒண்ணுமில்ல. இப்பிடிப் பேசுனா யாருக்கும் கோவம் வரத்தான் செய்யும். எனக்கும் வருது! நோய் வந்த மனுசன்ட்ட இப்பிடியா பேசுவாவ? சோறு தின்ன வந்தா சோத்தத் தின்னுட்டுப் போங்க!"

மூசா கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப்போய்விட்டார். ஒலி முகம்மது கட்டுப் போட்ட தோளை அசைக்காமல் தண்ணீர்க் குவளையை எடுத்தார். சனோபரின் கரண்டியிலிருந்து ஆணம் அவள் கால்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

மன்சூர் அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தான்.

"ஏட்டி," என்றான், "நீ என்ன மாத்திர போட்டிருக்க?"

ஒலி முகம்மதுவுக்குப் புரையேறியது.